கைத்திருகுச் செக்கில் காட்டாமணக்கு எண்ணெய்: விளக்குக்குப் போதும், இன்ஜினுக்குப் போதாது

மேசை ஓரத்தில் இறுக்கிவைத்துக் கையால் சுற்றும் சிறிய திருகுச் செக்கு இப்போது இணையக் கடைகள் பலவற்றில் கிடைக்கிறது. எள்ளும் நிலக்கடலையும் ஆட்டத்தான் அதை விற்கிறார்கள். வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் கேட்பது வேறு: வேலியோரத்திலும் தரிசிலும் தானாக வளரும் காட்டாமணக்கு, புங்கம், புன்னை விதைகளிலிருந்து எரிக்கக்கூடிய எண்ணெயை வீட்டிலேயே எடுக்க இது உதவுமா? உதவும். ஆனால் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்ற எல்லை மிகத் தெளிவானது. விளக்கு எரிக்கவும் சோப்புக்கும் எண்ணெய் வேண்டுமென்றால் தயங்காமல் வாங்கலாம். டீசலுக்கு மாற்றாக இன்ஜினில் ஊற்ற வேண்டுமென்றால் இந்தக் கருவியை நம்பி இறங்காதீர்கள்.

முதலில் பாதுகாப்பு. காட்டாமணக்கின் நஞ்சில் ஒரு பகுதியான போர்பால் எஸ்டர்கள் எண்ணெயோடு சேர்ந்தே வெளியே வரும். இன்னொரு நஞ்சான கர்சின் என்ற புரதம் பிண்ணாக்கில் தங்கும். எனவே எண்ணெயும் பிண்ணாக்கும் மனிதருக்கும் கால்நடைக்கும் உணவாகாது. எண்ணெய் தோலில் பட்டால் எரிச்சலூட்டும், கண்ணில் படவே கூடாது. ஒருமுறை காட்டாமணக்கு ஆட்டிய செக்கை எவ்வளவு கழுவினாலும் சமையல் எண்ணெய்க்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. திருகின் இடுக்குகளில் கசண்டு தங்கிவிடும். செக்கு, புனல், துணி, பாட்டில் எல்லாவற்றிலும் பெயிண்டால் குறியிட்டுச் சமையலறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தெளிந்த பிறகு நிறத்தை வைத்துப் பார்த்தால் அது சமையல் எண்ணெயேதான்.

கருவியின் அமைப்பு எளிமையானது. மேலே விதை போடும் புனல். அதன் கீழே படுக்கைவாட்டில் ஒரு குழல், குழலுக்குள் திருகு. குழலின் அடிப்பக்கத்தில் எண்ணெய் ஒழுக ஒரு நீண்ட கீற்று. முனையில் மரையிட்ட மூடி, மூடியின் நடுவில் பிண்ணாக்கு வெளியேறும் துளை, அந்தத் துளையை அடைத்துத் திறக்கும் ஒரு போல்ட்டு. குழலுக்கு அடியில் அதைச் சூடாக்க ஒரு சிறு விளக்கு. அழுத்தத்தைத் தீர்மானிப்பது முனையில் உள்ள போல்ட்டுதான். அதை இறுக்க இறுக்கப் பிண்ணாக்கு வெளியேறும் வழி குறுகும், உள்ளே அழுத்தம் ஏறும், எண்ணெய் கீற்று வழியாகப் பிதுங்கும்.

விலை குறைந்த செக்குக்கும் நல்ல செக்குக்கும் உள்ள வேறுபாடு பளபளப்பில் தெரியாது. திருகு விதையை முன்னோக்கித் தள்ளும்போது அதே விசையோடு தானும் பின்னோக்கித் தள்ளப்படும். அந்த விசையைத் தாங்கும் இடத்தில் பால் பேரிங்கோ, தடித்த வெண்கல வாஷரோ இருக்க வேண்டும். மெல்லிய இரும்பு வாஷர் ஒன்றை மட்டும் வைத்திருந்தால் சில கிலோ விதையிலேயே அது தேய்ந்து திருகு பின்வாங்கும். கைப்பிடி கனக்கும், எண்ணெய் குறையும், எண்ணெயில் கருப்புத் தூள் தெரியும். கைப்பிடியின் நீளத்தையும் பாருங்கள். 20 சென்டிமீட்டர் கைப்பிடி எள்ளுக்குப் போதும். ஓடுள்ள காட்டு விதைக்கு 30 சென்டிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் தோள் விட்டுப்போகும். திருகு கடினப்படுத்திய எஃகாக இருப்பது நல்லது. பொறுக்கிய விதையில் மண்ணும் மணலும் எப்போதும் இருக்கும், வார்ப்பிரும்புத் திருகை அவை விரைவில் அரித்துவிடும். மேசையோடு பிணைக்கும் இடத்தில் ஒற்றை கிளாம்ப் உள்ள மாதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள். 2 போல்ட்டுகளால் கனமான பலகையில் இறுக்கும் மாதிரிதான் அசையாமல் நிற்கும்.

இனி விதை. இந்தக் கருவியைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை உண்மையில் விதையைப் பற்றிய குறைகள். எவ்வளவு எண்ணெய் வரும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: விதையின் ஈரம், விதையோடு போகும் ஓட்டின் அளவு.

காட்டாமணக்கு விதையில் எடைக்கு எடை ஏறக்குறைய 35 சதவீதம் எண்ணெய். ஓடு விதை எடையில் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும், அதில் எண்ணெய் அநேகமாக இல்லை. அப்படியென்றால் ஓட்டை முழுவதும் நீக்கிப் பருப்பை மட்டும் போட்டால் அதிக எண்ணெய் வராதா என்று தோன்றும். வராது. வெறும் பருப்பு குழலுக்குள் போனதும் நசுங்கிக் களிம்பாகிவிடும். களிம்புக்கு உராய்வு கிடையாது, திருகோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், முன்னே நகராது. போல்ட்டை இறுக்கினால் களிம்பு புனல் வழியாகவே மேலே ஏறும். குழலின் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க நார் வேண்டும். அந்த நாரைத் தருவது ஓடு. அதே நேரம் ஓடு முழுவதையும் விட்டால் கை சுற்றும் விசைக்கு அது அதிகம், பிழிந்த எண்ணெயில் ஒரு பங்கை ஓடே உறிஞ்சிக்கொள்ளும். கையால் சுற்றும் செக்குக்கு ஓட்டில் பாதியைப் புடைத்து நீக்கிவிட்டு மீதியைப் பருப்போடு விடுவதுதான் பொருத்தம்.

அதற்கு விதையை முதலில் உடைக்க வேண்டும். காட்டாமணக்கு விதை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம். இந்தச் செக்கின் தொண்டைக்குள் முழுதாக இறங்காது, புனலில் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு பாலம்போல் நின்றுவிடும். கற்களுக்கு இடையே இடைவெளி விட்ட திரிகையிலோ, சாக்கில் போட்டுக் கட்டையால் தட்டியோ 3, 4 துண்டாகும்படி உடைத்தால் போதும். மாவாக்கிவிடாதீர்கள். மாவு கீற்று வழியாக எண்ணெயோடு சேர்ந்து ஒழுகும், அதை வடிகட்டுவது பெரும்பாடு. உடைத்ததை முறத்தில் புடைத்துப் பெரிய ஓடுகளைத் தள்ளிவிட்டு, நுண்சல்லடையில் சலித்து மண்ணையும் தூளையும் நீக்குங்கள். உடைத்த விதையைச் சேமித்து வைக்கக் கூடாது. பருப்பு காற்றுப்பட்டதும் கெடத் தொடங்கும், அன்றே ஆட்டிவிட வேண்டும்.

ஈரத்துக்கு வருவோம். 4 முதல் 6 சதவீதத்துக்குள் இருந்தால் செக்கு நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் பிண்ணாக்கு மெத்தென்று வரும், அழுத்தம் ஏறாது, எண்ணெய் பால்போல் கலங்கும். 3 சதவீதத்துக்குக் கீழே போனால் பிண்ணாக்கு கல்லாக இறுகி முனையை அடைக்கும், எண்ணெயில் தூள் மிகும். உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்து ஈரத்தைச் சொல்லும் பழக்கம் அனுபவமுள்ளவர்களுக்குச் சரி. மற்றவர்கள் எடை போட்டே பார்க்கலாம். 100 கிராம் விதையை நொறுக்கி, 105 டிகிரியில் ஓவனில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை சதவீதம் ஈரம். எளிய கிராம் தராசு போதும். இப்படிக் காய்ந்த மாதிரியை எறிந்துவிடலாம். உணவுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடவே வேண்டாம்.

விதை அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் தண்ணீர் சேர்த்து மீட்கலாம். 3 சதவீதத்தில் உள்ள 1 கிலோ விதையை 5 சதவீதத்துக்குக் கொண்டுவர 21 மில்லி தண்ணீர் போதும். தெளித்துக் கிளறி, மூடியுள்ள டப்பாவில் ஓர் இரவு வைத்தால் ஈரம் சமமாகப் பரவும். இதைவிட அதிகமாகத் தெளித்துவிட்டுச் செக்கைக் குறை சொல்பவர்கள் நிறைய.

புங்கத்துக்கும் புன்னைக்கும் கணக்கு வேறு. புங்க விதைக்குத் தடித்த ஓடு கிடையாது. நெற்றை உடைத்து எடுத்ததும் மெல்லிய தோலோடு பருப்பு கிடைத்துவிடும், அதைத் தனியாகப் போட்டால் மேலே சொன்ன களிம்புத் தொல்லைதான். உலர்ந்த நெற்றை நொறுக்கி, பத்தில் ஒரு பங்கு கலந்தால் உராய்வு கிடைக்கும். உமி கலப்பதும் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் உமியில் உள்ள சிலிக்கா திருகைத் தேய்க்கும் என்பதால் நெற்றுத் துண்டே மேல். புன்னையில் பருப்பை உடனே ஆட்டினால் எண்ணெய் அநேகமாக வரவே வராது. வாரக்கணக்கில் நிழலில் உலர்ந்து, பருப்பு செம்பழுப்பாகி, நகத்தால் கீறினால் எண்ணெய் கசியும் நிலைக்கு வந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். கையில் கிடைப்பது பச்சை நிறமான, பிசின் கலந்த தடித்த எண்ணெய். விளக்கில் புகையும். எரிபொருள்தான் நோக்கம் என்றால் புன்னையைக் கடைசியில் வையுங்கள்.

ஆட்டும் முறை. முனைப் போல்ட்டை முழுவதும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். அடியில் உள்ள விளக்கை ஏற்றி 10 நிமிடம் குழலைச் சூடாக்குங்கள். குழலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சீறாமல் மெல்ல ஆவியாக வேண்டும், அதுவே சரியான சூடு. சீறிக்கொண்டு துள்ளினால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. அந்தச் சூட்டில் எண்ணெயோடு பசைப்பொருள்களும் அதிகம் கரைந்து வரும், பின்னால் திரியில் கரிகட்டும். விளக்குக்கு ஸ்பிரிட் ஊற்றுவது சிறந்தது, புகை படியாது.

கைப்பிடியை வினாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், ஒரே சீராகச் சுற்றுங்கள். முதலில் மெத்தென்ற பிண்ணாக்கு வரும். அது தொடர்ச்சியாக வரத் தொடங்கியதும் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நிமிடம் பார்த்து, மீண்டும் கால் சுற்று. பிண்ணாக்கு தகடாக வந்து, வளைத்தால் படக்கென்று முறிய வேண்டும்; காகிதத்தில் வைத்து அழுத்தினால் லேசான எண்ணெய்க் கறை மட்டும் படிய வேண்டும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் இறுக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சில சொட்டுகள்தான். பதிலுக்குப் பிண்ணாக்கு கருகும், எண்ணெய் புனல் பக்கம் திரும்பி ஏறும், கைப்பிடியைச் சுற்ற இரண்டு கை வேண்டியிருக்கும்.

புனலில் விதை இறங்காமல் நின்றால் மரக்குச்சியால் தள்ளுங்கள், விரலை ஒருபோதும் விடாதீர்கள். கையால் சுற்றுவதுதானே என்று இதை அலட்சியம் செய்ய வேண்டாம். அந்தத் திருகின் விளிம்பு எலும்பை நசுக்கும். கீற்று அடைத்தால் மெல்லிய கம்பியால் கீறிவிடலாம். எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்று, பிண்ணாக்கு மட்டும் வந்தால் முதலில் சூட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அடி விளக்கு அணைந்திருக்கும்.

வேலையை நடுவில் நிறுத்துவதுதான் இந்தச் செக்குக்கு ஆகவே ஆகாது. குழலுக்குள் இருக்கும் பிண்ணாக்கு ஆறினால் சிமெண்டாக இறுகிவிடும். திருகும் மூடியும் ஒட்டிக்கொள்ளும், ஸ்பானரை வைத்து இழுத்தால் மரை கழன்றுவிடும். விதை தீரும் முன்பே போல்ட்டைத் தளர்த்தி, கடைசி விதையையும் வெளியேற்றி, குழல் சூடாக இருக்கும்போதே கையுறையும் துணியும் கொண்டு மூடியைக் கழற்றித் திருகை உருவிச் சுரண்டிவிடுங்கள். தெரியாமல் இறுகிப்போனால் பலம் காட்டாதீர்கள். மீண்டும் அடியில் விளக்கை ஏற்றி 15 நிமிடம் சூடாக்கினால் இளகும். மூடியின் மரையில் ஒவ்வொரு முறையும் கிரீஸ் தடவி வைப்பது இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

என்ன கிடைக்கும்? 1 கிலோ விதையில் 350 கிராம் எண்ணெய் இருக்கிறதென்றால், நன்றாகச் சரிசெய்த கைச்செக்கு அதில் 60 முதல் 65 சதவீதம் பிழியும். அளவில் 230 முதல் 250 மில்லி. தெளியவிட்ட பிறகு கையில் நிற்பது ஏறக்குறைய 200 மில்லி. 1 லிட்டர் தெளிந்த எண்ணெய்க்கு 5 கிலோ விதை என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. வேகம் ஓர் ஆள் விடாமல் சுற்றினால் மணிக்கு 2 கிலோ விதையை ஒட்டி நிற்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் சிறிய, மென்மையான விதைகளுக்கானது. அதை காட்டாமணக்குக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

செக்கு இல்லாமல், இடித்து நீரில் கொதிக்கவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளும் பழைய முறை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 கிலோ விதைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரவே 1.17 மெகாஜூல் வெப்பம் வேண்டும். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குச் சேரும் என்று கொண்டால், எரிக்க வேண்டிய விறகின் ஆற்றல் ஏறக்குறைய 7.8 மெகாஜூல். கிடைக்கும் 200 மில்லி எண்ணெயின் ஆற்றலோ, கிலோவுக்கு 39 மெகாஜூல் கணக்கில் 7.2 மெகாஜூல். கொதிக்கத் தொடங்குவதற்குள்ளேயே வரவைவிடச் செலவு மிகுந்துவிட்டது. சோப்புக்கு எடுப்பவர்கள் அப்படி எடுக்கட்டும். எரிபொருளுக்காக எடுப்பவர்களுக்குச் செக்குதான் வழி.

ஜாக்கியால் அழுத்தும் பெட்டிச் செக்கு இதற்கு நல்ல போட்டி. துளையிட்ட உருளைக்குள் துணியில் கட்டிய பருப்பை வைத்து, 10 டன் ஜாக்கியால் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள அழுத்துதட்டைத் தள்ளினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம் கிடைக்கும். அதற்கு நார் தேவையில்லை, ஓடு நீக்கிய பருப்பையே பிழியலாம், புங்கத்துக்கும் புன்னைக்கும் அது மேல். எண்ணெயில் கசண்டும் குறைவு. ஒவ்வொரு ஈட்டுக்கும் நிரப்பி, அழுத்தி, காத்திருந்து, பிரித்தெடுக்க வேண்டும் என்பதுதான் அலுப்பு. சட்டமும் உருளையும் தேர்ந்த வெல்டர் செய்ததாக இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் மட்டமான பற்றவைப்பு பிளந்தால் எதிரே நிற்பவருக்கு ஆபத்து. மின்சாரத்தில் ஓடும் மேசைச் செக்குகள் காட்டு விதையின் ஓட்டுக்கு ஏற்றவை அல்ல. பல் சக்கரம் உடையும்.

பிழிந்த எண்ணெய் கருப்பாகக் கலங்கித்தான் வரும். இங்கே பொறுமை காட்டாதவர்களின் விளக்கு அரைமணியில் அணையும். உயரமான பாத்திரத்தில் ஊற்றி, மூடி, 7 நாளாவது அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் குழாய் பொருத்தியிருந்தால் மண்டியைக் கலக்காமல் மேலே உள்ளதை எடுக்கலாம். அளவில் பத்தில் ஒரு பங்கு அடியில் தங்குவது வழக்கம். அந்த மண்டியை எறிய வேண்டாம், அடுத்த முறை ஆட்டும் விதையோடு சிறிது சிறிதாகக் கலந்து மீண்டும் பிழியலாம். தெளிந்ததை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியைக் கூம்பாகக் கட்டி வடிகட்டுங்கள். சூடாக்கினால் வேகமாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் சூட்டில் பசைப்பொருள் கரைந்தபடியே துணியைத் தாண்டிவிடும். விளக்கு எரிக்கப் பயன்படுத்தும்போது ஆறிய நிலையில் மெதுவாக வடிப்பதே திரிக்கு நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் திரியின் நுனியில் கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டியான கரி படிந்தால் பசைப்பொருள் மிகுதி என்று பொருள். எண்ணெயை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, அளவில் 3 சதவீதம் வெந்நீர் விட்டு, 15 நிமிடம் மெல்லக் கிளறி, ஓர் இரவு விடுங்கள். பசை தண்ணீரைப் பிடித்து ஊதி அடியில் இறங்கும். மேலே உள்ளதை எடுத்து 110 டிகிரிவரை மெதுவாகச் சூடாக்கி, குமிழி அடங்கும்வரை வைத்தால் ஈரம் போய்விடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. 100 டிகிரியை நெருங்கும்போது அடியில் தங்கிய தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகி எண்ணெயைப் பொங்கவைக்கும், திறந்த அடுப்பு என்றால் தீப்பிடிக்கும். வெளியிடத்தில், வெப்பமானி வைத்து, மூடியைக் கையருகே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காற்றில் மெல்லக் காயும் வகை எண்ணெய் இது, காயும்போது வெப்பம் வெளிவரும். துணிக் குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, துணி தானாகவே எரிய வாய்ப்புண்டு. விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

விளக்கில் இந்த எண்ணெய் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, ஆனால் மண்ணெண்ணெய் விளக்கில் அல்ல. மண்ணெண்ணெய் 10, 15 சென்டிமீட்டர் திரியில் எளிதாக ஏறும். காட்டாமணக்கு எண்ணெய் தடித்தது. எண்ணெய் மட்டத்துக்கும் சுடருக்கும் இடையே 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சுடர் சுருங்கி அணையும். மிதவைத் திரி இதற்குச் சரியான விடை. தக்கை வட்டத்தின் நடுவில் சிறு தகரத் துண்டைப் பொருத்தி, அதன் துளையில் பருத்தித் திரியைச் செருகி எண்ணெய்மேல் மிதக்கவிட்டால் மட்டம் குறையக் குறையத் திரியும் கூடவே இறங்கும். ஒற்றைத் திரி மணிக்கு 5 முதல் 10 மில்லி குடிக்கும். 1 கிலோ விதையின் எண்ணெயில் குறைந்தது 20 மணி நேரம் சுடர் நிற்கும்.

இந்த எண்ணெயின் பெரிய சிறப்பு பாதுகாப்பு. இதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல். மண்ணெண்ணெய்க்கோ 40 டிகிரியை ஒட்டியே தொடங்கிவிடும். விளக்கு சாய்ந்தால் கொட்டிய மண்ணெண்ணெய் நொடியில் பற்றும், இந்த எண்ணெயில் பெரும்பாலும் திரி மட்டும் அணையும். அதைக் கெடுக்கும் வேலையைச் சிலர் தாங்களே செய்கிறார்கள்: திரியில் ஏறட்டும் என்று பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ கலக்கிறார்கள். செய்யாதீர்கள், பெட்ரோல் கலந்த விளக்கு வெடிகுண்டு. காட்டாமணக்கு எண்ணெயை எரிக்கும் அறைக்குக் காற்றோட்டமும் வேண்டும்.

மண்ணெண்ணெய் அடுப்பில் ஊற்றலாமா? திரி அடுப்பில் திரி கருகி நிற்கும். பம்ப் அடுப்பில் ஆவியாக்கும் குழாயில் கரி படிந்து நாசில் அடைக்கும். தாவர எண்ணெய்க்கென்றே தனி ஆவியாக்கியோடு வடிவமைத்த அடுப்புகளிலும் கரியைச் சுரண்டுவது வழக்கமான வேலைதான்.

இன்ஜினுக்கு வருகிறேன். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நடந்தது உண்மை. ஆனால் அந்த இன்ஜினும் இன்றைய இன்ஜினும் ஒன்றல்ல. பிசுக்கு, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் தடிப்பு, 40 டிகிரியில் டீசலுக்கு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (பிசுக்கை அளக்கும் அலகு), காட்டாமணக்கு எண்ணெய்க்கு 35 அளவில். தடித்த எண்ணெய் நாசிலில் நுண்துளியாகச் சிதறாது, முழுதாக எரியாது, பிஸ்டன் வளையத்தில் கரியாக ஒட்டும், மிச்சம் இன்ஜினின் அடியில் உள்ள மசகு எண்ணெயில் கலந்து அதைக் கெட்டியாக்கும். எண்ணெயை 80 டிகிரிவரை முன்சூடாக்கி, டீசலில் தொடங்கி டீசலிலேயே நிறுத்தும் இரட்டைத் தொட்டி ஏற்பாட்டில், முன்னறை (எரிபொருள் முதலில் பற்றும் சிறு அறை) உள்ள பழைய வகை இன்ஜின்கள் ஓடியிருக்கின்றன. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் ஒரு சொட்டும் வேண்டாம்.

பிசுக்கைச் சமாளித்தாலும் தூய்மையில் இந்தச் செக்கு தோற்றுவிடும். இன்ஜினில் நேரடியாக எரிக்கும் ரேப்சீட் எண்ணெய்க்கான டின் 51605 என்ற ஜெர்மன் தரநிலை, கிலோவுக்கு 24 மில்லிகிராம் திடக் கசண்டையும் 0.075 சதவீதம் நீரையும் மட்டுமே அனுமதிக்கிறது. துணி வடிகட்டலில் அந்த அளவை எட்டவே முடியாது. அமிலத்துக்கும் அதில் எல்லை உண்டு, கொழுப்பமிலமாகச் சொன்னால் 1 சதவீதம். அதை வீட்டிலேயே அளந்துவிடலாம். 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயும், மஞ்சள்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்த சாறு சில சொட்டும் விட்டு, சோடா நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குலுக்குங்கள். மஞ்சள் நிறம் சிவந்து நிலைக்கும்போது நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 0.77 சதவீதம் அமிலம். 1.3 மில்லியைத் தாண்டினால் அந்த எல்லை தாண்டியது. மழையில் நனைந்து கிடந்து பூசணம் பிடித்த விதை என்றால் இது எங்கோ போய் நிற்கும். மரத்தடியில் பல நாள் கிடந்ததைப் பொறுக்காமல் புதிதாகக் காய்ந்த காயை எடுப்பதற்குக் காரணம் இதுவே. விளக்குக்கு அமிலம் பெரிய தடையில்லை. ஆனால் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். அமிலம் அதை அரித்துப் பச்சை பிடிக்கவைக்கும், உலோகமும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கவைக்கும். வெளிச்சம் படாத பாத்திரத்தில், மேலே காற்றிடம் விடாமல் நிரப்பி மூடினால் பல மாதம் கெடாது.

பிண்ணாக்கில் தழைச்சத்து நிறைய உண்டு. மக்கவைத்துச் செடிக்குப் போடலாம், ஆடு மாடு எட்டாத இடத்தில் வைத்து. புங்கம் பிண்ணாக்கை அப்படியே மண்ணில் கலக்கலாம், அது தழைச்சத்து மண்ணிலிருந்து விரைவில் வீணாவதையும் குறைக்கும்.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திருகு மட்டும் தனியாகக் கிடைக்குமா? முனை மூடி வேறு வேறு துளை அளவில் வருமா? திருகின் பின்புறம் பேரிங் இருக்கிறதா, வாஷரா? தேய்வது திருகும் மூடியும்தான், குழல் நெடுங்காலம் நிற்கும். உதிரி கிடைக்காத செக்கில் திருகு தேய்ந்து குழலுக்கும் அதற்கும் இடைவெளி கூடியதும் எண்ணெய் பாதியாகக் குறையும். பிறகு போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் திரும்ப வராது. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், மற்ற இரண்டையும் கேட்காமலே அடுத்த கடைக்குப் போய்விடலாம்.